உலக்கைக்கு அந்தப் பக்கம் உயிரியல்

திங்கட்கிழமை மாலை நாலே கால் மணிக்கு என் மூத்த மகள் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரலிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. உயிரியல் தாள். வீட்டில் அவளையும் என்னையும் தவிர யாரும் இல்லை. என் கணவர் தொழிற்சாலையிலிருந்து வர ஏழரை ஆகும். சின்னப் பெண்கள் இரண்டு பேரும் மைதானத்தில் இருந்தார்கள். நான் கதவைத் தள்ளிப் பார்த்து, பழைய புடவையில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்து, "யார்கிட்டயும் மூச்சு விடாதே, போய்ப் படி" என்று சொல்லியிருந்தால் போதும். பரீட்சை முடிந்த பிறகு ஊருக்கே சொல்லியிருக்கலாம்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வயதுக்கு வந்த பெண்ணை முதலில் தாய் பார்க்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு. பார்த்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பதினோராம் வகுப்பு தேறியவள், தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பவள், குளியலறை வாசலில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிக் கொல்லைப்பக்கம் வந்து, பக்கத்து வீட்டம்மாளைக் கூப்பிட்டேன். இரண்டு வருடம் ஆகிறது. அந்தச் சுவரின் சொரசொரப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

பக்கத்து வீட்டம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாவும் உண்டு. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி, இந்தப் பக்கம் நாங்கள், எதிரில் சேலம். அந்தம்மாள் ஓடி வந்து பார்த்துவிட்டு, "யக்கா, பிள்ள சடங்காயிட்டால்லா!" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வாயைத் திறந்து குலவையிட்டாள். செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்து வளர்ந்த நான் அவ்வளவு பக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. தெருவிலிருந்த இருபத்திரண்டு வீடுகளும் கேட்டன. தீ பிடித்துவிட்டதென்று வாளியோடு வந்தவர்களும் உண்டு.

அந்தம்மாள் மீது எனக்குக் கோபமில்லை. அவளுக்குத் தெரிந்த நல்ல காரியத்தை அவள் செய்தாள். கேவலமெல்லாம் என்னுடையது.

ஏழு மணிக்கு என் கணவரின் அக்கா அம்பத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். யார் சொல்லி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எது கெட்டாலும், எது விளைந்தாலும் அவள் மூக்குக்கு முதலில் தெரியும். வந்ததும் என் மகளை உட்காரவைத்து மஞ்சள் நீர் ஊற்றச் செய்தாள். பிறகு சமையலறைக்குப் பின்னால் இருந்த நடையில் ஒரு பழைய பாயைப் போட்டு, அவளை அதில் உட்காரவைத்து, நடைக்குக் குறுக்கே உலக்கையைக் கிடத்தினாள்.

"தாய்மாமன் வந்து பச்சை ஓலையில குச்சு கட்டி உள்ள குந்த வைக்கற வரைக்கும் இத்தத் தாண்டக் கூடாது. எதையும் தொடக் கூடாது."

"அண்ணி, வியாழக்கிழமை பரீட்சை இருக்கு. புஸ்தகம்?"

"பொஸ்தகம் இன்னா பொஸ்தகம்? சரஸ்வதி ஆச்சே அது. தீட்டோட தொடுவாளா? நல்லா படிச்சம்மே நீ!"

இப்படிச் சொன்னவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. அவள் மகன் எட்டாம் வகுப்பில் இரண்டு முறை தேறாமல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறையில் இருந்தான். அந்த வீட்டில் சரஸ்வதிக்கு என்றைக்கு இவ்வளவு மரியாதை வந்தது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. என் கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு ஷூவைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

பரீட்சை போனால் என்ன போகும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு தாள் எழுதாவிட்டால் தேர்வே போனது. செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்பார்கள். செப்டம்பர் வரை எங்கள் வீட்டில் வயதுக்கு வந்த பெண்ணைச் சும்மா விட்டுவைக்க மாட்டார்கள். கடைசல் பட்டறைக்காரன் முறைமாப்பிள்ளை. அவன் அம்மா வைகாசி, ஆவணி என்று மாதங்களை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். என் மகளுக்கோ நர்ஸ் படிப்பு என்று ஒரே பிடிவாதம். அதற்காகவே விருப்பப் பாடமாக உயிரியல் எடுத்தவள்.

அந்த உயிரியலும் எப்படிப்பட்ட உயிரியல்! பள்ளிக்கூடத்தில் டீச்சர் தவளையின் இதயத்தை மூன்று வாரம் நடத்தினார். பட்டாணிச் செடி வளர்த்த பாதிரியாரை இரண்டு வாரம் நடத்தினார். நடுவில் மனித இனப்பெருக்கம் என்று பன்னிரண்டு பக்கம் வந்தது. அதை மட்டும் தாவிவிட்டார். "இந்தப் பாடத்தை வீட்டில அம்மாகிட்டக் கேட்டுப் படிச்சுக்குங்க" என்றாராம். வகுப்பு முழுக்கப் பெண்கள், டீச்சரும் பெண், ஜன்னல் வேறு சாத்தியிருந்தது. அதே பள்ளிக்கூடத்து மதில் சுவரில் வெளிப்பக்கம் சிவப்பு முக்கோணம் வரைந்து, எத்தனை பிள்ளையோடு நிறுத்த வேண்டும் என்று சர்க்கார் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தது. தெருவில் போகிற மாட்டுக்குக்கூடத் தெரியலாம். வகுப்புக்குள் இருக்கிறவளுக்குத் தெரியக் கூடாது.

அம்மாவிடம் கேட்க வேண்டுமாம். அம்மாவுக்கு என்ன தெரியும்? மூன்று பெற்றவள் நான். அந்தப் பன்னிரண்டு பக்கத்தைப் பிப்ரவரியில் சமையலறையில் உட்கார்ந்து முதல் முறை படித்தபோதுதான், சினைமுட்டை என்று ஒன்று மாதாமாதம் எனக்குள் வந்து போகிறது என்று தெரிந்துகொண்டேன். எனக்கு முப்பத்தொன்பது வயது.

செவ்வாய்க்கிழமை காலையில் என் கணவர் அரை நாள் லீவு போட்டுக் குமணன்சாவடிக்குப் போனார். என் தம்பி அங்கேதான் குடியிருந்தான். பெங்களூர் லாரி ஓட்டுகிறவன். எங்கள் அப்பா பூந்தமல்லிப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏற்றம் இறைத்தவர். பெண்ணான என்னைப் படிக்கவைத்ததில் அவருக்குக் கை ஓய்ந்துவிட, தம்பி ஐந்தாவதோடு நின்று லாரியில் ஏறினான். பதினோரு மணிக்கு என் கணவர் திரும்பி வந்து, "ஊர்ல இல்ல. பெங்களூர் போயிருக்கான். அங்க லோடு கிடைச்சாத்தான் கிளம்புவானாம். புதனோ வெள்ளியோ, சொல்ல முடியாதுன்னா அவன் பொண்டாட்டி" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனார். அந்த நான்கு நாளில் அவர் செய்த பெரிய காரியம் அதுதான்.

நான் உலக்கைக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். புத்தகத்தை அவள் தொடக் கூடாது என்றால் நான் தொடலாம் அல்லவா? உரக்கப் படித்தேன். அவள் கேட்டுத் திருப்பிச் சொன்னாள். படம் வந்தால் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். பென்சிலும் தொடக் கூடாது என்பதால், சொம்புத் தண்ணீரில் விரலைத் தோய்த்து அவள் சிமெண்டுத் தரையில் கருப்பையை வரைந்தாள். ஒரு பக்கம் வரைந்து மறு பக்கம் போவதற்குள் முதல் பக்கம் காய்ந்துவிடும்.

"அம்மா, இந்தக் குழாய்க்குப் பேரு?"

"கருக்குழாய்."

"மெதுவாச் சொல்லும்மா. எதிர் வீட்டு மாமா தின்பண்டம் வாங்கப் போறதுக்கு நம்ம கொல்லைப்பக்கமாவே மூணு தடவை போயிட்டாரு."

மூன்று தடவைதான். சேலத்துக்காரர் அதற்கு முன்னால் எங்கள் கொல்லைப்பக்கம் வந்ததே இல்லை. நான் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அவளுக்குக் கேட்காது. நடையின் அந்தக் கோடிக்கு அவளைத் தள்ளி உட்காரவைத்தது நானல்ல.

என் நாத்தனார் உள்ளே உளுந்துக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். வேளைக்கு ஒரு பச்சை முட்டை, அதன்மேல் நல்லெண்ணெய். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவாள். என் மகள் விழுங்கிவிட்டு, கண்ணில் நீரோடு, "சினைமுட்டை இருபத்தெட்டு நாளைக்கு ஒண்ணு, அத்தை முட்டை நாளைக்கு மூணு" என்றாள். அந்த நிலையிலும் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

புதன்கிழமை மாலை தட்டு எடுத்துக்கொண்டு பெண்கள் பார்க்க வந்தார்கள். ஆறேழு பேர் நடையிலும் சமையலறையிலும் நெருக்கி உட்கார்ந்தார்கள். எனக்கு இன்னும் நான்கு பக்கம் பாக்கி. மறுநாள் பரீட்சை. பாயாசத்தைக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. அவர்களை வைத்துக்கொண்டே படித்தேன். பட்டாணிச் செடியில் நெட்டைக்கும் குட்டைக்கும் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நெருங்கிய உறவில் மணம் செய்தால் ஒடுங்கிக் கிடக்கும் குறைகள் பிள்ளைகளிடம் வெளிப்பட வாய்ப்புண்டு என்று ஒரு வரி வந்தது. அதை நான் இரண்டு முறை படித்தேன். வேண்டுமென்றுதான் படித்தேன்.

அடுத்த பக்கம் ஆண் பெண் நிர்ணயம். பெண்ணின் சினைமுட்டையில் எக்ஸ் குரோமோசோம் மட்டுமே உண்டு, ஆணின் விந்தணுவில் எக்ஸோ ஒய்யோ இருக்கும், ஒய் வந்தால் ஆண் குழந்தை, ஆகவே குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையிடமிருந்து வருவதைப் பொறுத்தது என்று படித்து முடித்தேன். கரண்டிகள் நின்றன.

"யக்கா, நில்லுங்க" என்றாள் திருநெல்வேலி அம்மாள். "அத இன்னொருக்க வாசிங்க."

வாசித்தேன்.

"அப்பம் மூணும் பொட்டப்பிள்ளையாப் போனதுக்கு அண்ணாச்சியில்லா காரணம்! இத்தன வருசமா ஒங்களயில்லா எல்லாரும் ஏசிக்கிட்டுக் கிடக்காவ!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சேலத்துக்காரி பாயாசம் புரையேறி இருமினாள். பதினாறு வருடமாக ஒவ்வொரு பிரசவத்துக்கும் வந்து, துணியை விலக்கிப் பார்த்து, "மறுபடியும் இதுதானா?" என்று கேட்டுவிட்டுப் போனவள் என் நாத்தனார். இப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்து மகிழ்ந்தேன் என்றே எழுத வேண்டும். அந்த மகிழ்ச்சிக்கு என் மகள்தான் விலை கொடுக்கப்போகிறாள் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"இன்னாம்மே, எகத்தாளமா?" என்று எழுந்தாள். "என் தம்பி மேல குறை சொல்ல ஒரு பொஸ்தகம், அத்தப் படிக்க நீ, அத்தக் கேட்டுப் பல்ல காட்ட இவளுங்கோ! எந்தக் கட்டைல போறவன் எழுதுனான் அத்த?"

"சர்க்கார் எழுதினது, அண்ணி."

"சர்க்காரு வந்து குச்சு கட்டுமா? கேட்டுக்கோ. நாளிக்கு மாமன்காரன் வராம இவ அந்த உலக்கையத் தாண்டி வாசப்படில கால வச்சா, நான் இந்த ஊட்ல பச்சைத் தண்ணி தொட மாட்டேன். என் தம்பி வரட்டும்."

அது வரை அது சாஸ்திரமாக இருந்தது. அப்போதிலிருந்து பழி தீர்ப்பதாக ஆகிவிட்டது.

பெண்கள் போன பிறகு உயிரியல் டீச்சர் வந்தார். நான் சொல்லி அனுப்பியிருந்தேன், பள்ளிக்கூடத்து ஆள் ஒருவர் சொன்னால் என் கணவர் கேட்பார் என்று. டீச்சர் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு ரவிக்கைத் துண்டோடு வந்தார். உலக்கைக்கு இந்தப் பக்கம் நின்று என் மகளுக்குக் குங்குமம் வைக்கக் கையை நீட்டி, தீட்டு நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

"பரீட்சைக்கு அனுப்பணும்னு நீங்க இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், டீச்சர்" என்றேன். என் கணவர் பக்கத்திலேயே நின்றார்.

டீச்சர் நாத்தனாரைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எதுக்குங்க அவசரம்? செப்டம்பர்ல எழுதிக்கலாமே. இந்த நேரத்துல உடம்பைப் பார்க்கணும் இல்லையா? பத்து நாள் அலையாம இருந்தா கருப்பைக்கு நல்லது."

கருப்பை! ஒரு வருடமாக வகுப்பில் அவர் வாயிலிருந்து வராத அந்தச் சொல், பரீட்சைக்குப் போகாதே என்று சொல்வதற்கு மட்டும் வந்துவிட்டது. அவர் கொண்டுவந்த ரவிக்கைத் துண்டை நான் அடுப்பு துடைக்க வைத்துக்கொண்டேன்.

"டீச்சரே சொல்லிட்டாங்க பாரு" என்றார் என் கணவர். அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி. முடிவு எடுக்கும் வேலையை இன்னொருவர் செய்துவிட்டால் அவர் முகம் குளித்துவிட்டு வந்தவர் போல ஆகிவிடும்.

"அது நம்ம பொண்ணு இல்லீங்களா?" என்றேன்.

"நான் இல்லேன்னா சொன்னேன்? அக்கா மூணு நாளா ராப்பகலா கெடக்குது. அதுக்கு மரியாதை வேணாமா?"

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பினார். நடைப் பக்கம் எட்டிப் பார்க்காமலே ஷூவை மாட்டிக்கொண்டு போனார். நாத்தனார் தலைவாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். ஒரு கட்டுக் கீரையை அன்று போல நிதானமாக யாரும் ஆய்ந்திருக்க மாட்டார்கள்.

நான் மகளுக்குத் தலை வாரிவிட்டேன். உலக்கைக்கு மேலாகக் குனிந்து வாரினேன். பள்ளிச் சீருடையை எடுத்துக் கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டு மறுபடி பாயில் உட்கார்ந்தாள். ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் என் கையில் வைத்திருந்தேன்.

"மணி என்னம்மா?"

"எட்டே கால்."

பள்ளிக்கூடம் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட் மூடாமல் இருந்தால் நடந்து இருபது நிமிடம். மூடியிருந்தால் கடவுள் விட்ட வழி.

"மணி என்னம்மா?"

"எட்டு அம்பது."

அவள் பட்டாணிச் செடிக்குப் போனாள். முதல் தலைமுறையில் எல்லாம் நெட்டை, இரண்டாம் தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தலைவாசலுக்குப் போனேன். நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். நான் திரும்பி நடைக்கு வந்தேன். மறுபடி வாசலுக்குப் போனேன். "இன்னா, குறுக்கயும் நெடுக்கயும் நடந்துகினு?" என்றாள். "ஒண்ணுமில்லை, அண்ணி" என்றேன். இதைத்தான் நான் சொன்னேன். என் மகளின் வாழ்க்கை அந்த நடையில் சீருடையோடு உட்கார்ந்திருக்க, ஒரு கீரைத் தட்டைத் தாண்ட முடியாமல், ஒண்ணுமில்லை, அண்ணி.

மூன்றாம் முறை அவள் மணி கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்பது ஐந்து, ஒன்பது பத்து என்று கடிகாரம் போய்க்கொண்டிருந்தது. அவள் வாய் நின்றுவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது இருபதுக்குத் தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் லாரி வரக் கூடாது. வந்தது. தார்ப்பாய் போட்டுக் கட்டிய முழு லோடோடு வந்து எங்கள் வாசலில் நின்றது. டிரைவர் இருக்கும் பெட்டியின் கூரை மேலும் இரண்டு கதவு ஓரத்திலும் பச்சைத் தென்னை ஓலை செருகிக் கயிற்றால் கட்டியிருந்தது. அதற்குள்ளிருந்து, மூன்று நாள் தாடியும் சிவந்த கண்ணுமாக என் தம்பி குதித்தான். எட்டு மணிக்குக் குமணன்சாவடியில் லாரியை நிறுத்தியதும் அவன் மனைவி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவன் லோடைக்கூட இறக்காமல், வழியில் ஒரு தோப்பில் ஓலை வெட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"யம்மோவ்," என்றான் நாத்தனாரிடம், "குச்சு யாரு கட்டணும்?"

"மாமன்தான் கட்டணும். சீக்கிரம் கொல்லில போய்க் கட்டு."

"கட்டிட்டேன். தோ நிக்குது பார். மேல ஓலை, ரெண்டு பக்கமும் ஓலை. மாமன் கையால வெட்டினது."

"லாரிய போயி குச்சுன்றியே, உனுக்கு இன்னா பைத்தியமா? சக்கரம் வச்ச குச்சை எங்கனா கண்டுகீறியா?"

"எங்க கட்டணும்னு மாமன் சொல்லணுமா, நீ சொல்லணுமா? உன் ஊட்டு முறைய நீ பேசு. என் முறைய நான் பேசிக்கிறேன். கண்ணு, எழுந்து வாம்மா. டைம் ஆவுது."

என் மகள் எழுந்தாள். உலக்கையைத் தாண்டினாள், சமையலறையைத் தாண்டினாள், அத்தையின் நீட்டிய காலையும் தாண்டினாள். என் கையிலிருந்த ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு ஓலைக்குள் ஏறி உட்கார்ந்தாள். நாத்தனார் கத்திக்கொண்டிருந்தாள். தெருவில் இருபத்திரண்டு வீடும் வெளியே நின்றது.

தம்பி டிரைவர் பக்கம் போகாமல் என்னிடம் வந்தான். அவன் என்னைப் புகழ்வான் என்றோ, ஏதாவது ஆறுதல் சொல்வான் என்றோ நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அதற்கான முகத்தோடுதான் நான் நின்றேன். அவன் கோபமாகப் பேசவில்லை. யாருக்கும் கேட்காத குரலில்தான் கேட்டான்.

"வழியில ஒரு டயர் வெடிச்சிருந்தா நான் நாளிக்குத்தான் வந்திருப்பேன். அப்ப நீ இன்னாக்கா பண்ணியிருப்பே?"